இரண்டு தூக்கம், ஒரே டோக்கன்

ஆழித்துறைக்காரர்கள் தங்கள் தூக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திருவிழா பார்க்கப் பழகிச் சில வருஷங்கள் ஆன பிறகுதான் நானும் என் வீட்டுக்காரரும் அந்த ஊருக்குப் போனோம். அதனால் அது எப்படித் தொடங்கியது என்று கேட்டால் நான் கேள்விப்பட்டதைத்தான் சொல்ல முடியும், கேள்விப்பட்டதும் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. மாநகராட்சி முதல் தடவை முழு இரவுக் கலைவிழா வைத்தபோது பாதி ராத்திரிக்குள் நாற்காலிகள் எல்லாம் குறட்டை விட ஆரம்பித்து, பாடவந்த அம்மாள் கோபித்துக்கொண்டு மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாராம். மறுவருஷம், பழைய சுங்கக் கட்டடத்து வாசலில் செருப்பு ஸ்டாண்டு போட்டிருந்த சூசையம்மாளிடம் யாரோ ஒருவர், செருப்பைக் கழற்றுகிற அவசரத்தில் தூக்கத்தையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், விடிய விடிய ஒன்று விடாமல் பார்த்துவிட்டு வந்து, டோக்கனை நீட்டி இரண்டையும் வாங்கிக்கொண்டு போனாராம். அவர் தபால்காரர் என்று சிலரும், கல்யாணத் தரகர் என்று சிலரும் சொல்கிறார்கள். சூசையம்மாளையே கேட்டால், "ரெண்டு செருப்பு இருந்துச்சு, மேல ஒரு தூக்கம் இருந்துச்சு, எடுத்து வச்சேன், இதுல என்ன இருக்கு" என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

அதற்கப்புறம் அந்த ஊர் அதை எப்படிப் பழக்கிக்கொண்டது என்பதுதான் பெரிய கதை. அடுத்த வருஷம் ஸ்டாண்டு ஏலத்துக்கு வந்தது, அதற்கடுத்த வருஷம் வார்டு கவுன்சிலர் கைகூப்பிய தன் படத்தோடு ‘தூக்கம் வைக்குமிடம்’ என்று பேனர் கட்டினார், அதற்கும் அடுத்த வருஷம் பேனரில் அவர் படம் மட்டும் இருந்தது. பஸ் முதலாளிகள் கூடிப் பேசி, திருவிழாவுக்கு மட்டும் என்ன, டிரைவர்கள் வருஷம் பூராவும் தூக்கத்தை டிப்போவிலேயே கழற்றி வைத்துவிட்டு வண்டியெடுக்கலாமே என்று யோசனை சொல்ல, சங்கத்துக்காரர்கள் கொடி பிடித்து ஊரை முடக்கினார்கள். பிளஸ் டூ பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் பரீட்சை முடிகிறவரை இவன் தூக்கம் உங்களிடமே இருக்கட்டும் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரிசையில் நிற்க, வளருகிற பிள்ளையின் தூக்கத்தை நான் தொடமாட்டேன் என்று சூசையம்மாள் விரட்டிவிட்டாள். வைத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் தூக்கத்தை அவள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் வெயில் படப் போட்டு வைப்பாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைகளை அதன் நிழலில் கிடத்தினால் இரண்டு மணி நேரத்துக்குக் கவலையில்லை என்று அந்தத் தெருப் பெண்கள் எனக்குச் சொன்னார்கள்.

கோயிலில் செருப்பு தொலைந்தால் பீடை தொலைந்தது என்று வெறுங்காலோடு சந்தோஷமாக வீடு திரும்புகிற ஜனம் நாம். தூக்கத்தை மட்டும் விட்டுவிடுவோமா? கெட்ட கனவுக்காரர்கள், கடன்காரர்கள், ராத்திரியில் பல்லைக் கடிக்கிறவர்கள், எல்லாரும் தங்கள் தூக்கத்தை ஆழித்துறையில் தொலைத்துவிட்டு வந்தால் பிடித்தது விடும் என்று பேச்சு பரவி, ரயிலேறிப் போகத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு கோவில்பட்டியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் என் தங்கை கோமு மூலமாக வந்து சேர்ந்தது.

என் பெயர் செண்பகவல்லி. எங்களுக்கு ஒரே மகள், மதிவதனி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் இரண்டு கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிறாள், என்னைவிடக் கெட்டிக்காரி, என்னைவிட வாய். பத்து வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு, அதுவும் தூக்கத்தில் மட்டுமே வரும். மாத்திரை குறைத்திருக்கிறது, நிறுத்தவில்லை. வரும்போது பக்கத்தில் ஆள் இருந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும், ஆள் இல்லாமல் முகம் தலையணையில் புதைந்துவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒரே ஒருமுறை சொன்னார், அது போதும். அன்றிலிருந்து நான் அவள் அறையில், அவள் மணிக்கட்டில் ஒரு கை வைத்துக்கொண்டு படுக்கிறேன். ஆரம்பத்தில் வலிப்பு வந்தபோதெல்லாம் அடுத்த அறையில் தூங்குகிற என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், கத்தினேன், ஒருநாள் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். மனுஷன் புரண்டுகூடப் படுக்கவில்லை. அந்த உலுக்கலுக்குக் கல்லும் எழுந்திருக்கும், இவர் நடிக்கிறார் என்று அன்று முடிவு செய்தேன், அதற்கப்புறம் கூப்பிடவில்லை. மற்றபடி நல்ல மனுஷன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீ போயேன்க்கா" என்றாள் கோமு. "போயி அந்தக் கிழிஞ்ச தூக்கத்த அங்கயே விட்டுத் தொலைச்சிட்டு, நல்லதா ஒண்ணப் போட்டுக்கிட்டு வா. ஒரு ராத்திரிக்கு நான் மதியப் பாத்துக்கிடுதேன்."

"நல்ல தூக்கத்தப் போட்டுக்கிட்டு வந்தா இவளுக்கு வரும்போது நான் எப்படி முழிப்பேன்?"

மதிதான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "போம்மா. நீ ஒருநாள் தூங்குனா நான் செத்துற மாட்டேன். உன் மூஞ்சியப் பாத்தா நீதான் எனக்கு முன்னால போவ போலிருக்கு" என்றாள். பெற்ற பிள்ளை இப்படிப் பேசினால் கோபம் வரவேண்டும், எனக்கு அழுகை வந்தது. கோபப்படக்கூடத் தெம்பு வேண்டும் இல்லையா. என் வீட்டுக்காரர் திருமேனிக்கு இந்தப் பேச்செல்லாம் காதில் விழவில்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அவருக்கு ஆட்டம் பாட்டு என்றால் உயிர், ஆழித்துறைத் திருவிழாவுக்குக் கிளம்பலாமா என்று கேட்டதும் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் போய் இறங்கினோம். கடல் காற்றும் சுண்டல் வாசனையும் ஜெனரேட்டர் புகையும் கலந்து அடித்த அந்தச் சுங்கக் கட்டடத்து வாசலில், ஊர்ஊராக வந்த ஜனம் வரிசையில் நின்று, முறை வந்ததும் கழுத்தைக் குனிந்து கொடுக்க, சூசையம்மாள் பிடரியில் இரண்டு விரலை விட்டு ஈரமான ரவிக்கையை உரிப்பது போல ஒவ்வொருவர் தூக்கத்தையும் உரித்து, உதறி, மடித்து, பைக்குள் போட்டு, டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும், சேலைக்கு மேலே சட்டை மாதிரி ஒரு காக்கி கோட்டு, கழுத்தில் ஜெபமாலை. யாரையும் நிமிர்ந்து பார்க்காதவள், என் தூக்கத்தைக் கையில் வாங்கியதும் பார்த்தாள்.

"என்ன தங்கச்சி இது" என்றாள். "கொசுவலைகூட இதவிட நெருக்கமா இருக்கும். காத்துப் போற ஓட்டையில எல்லாம் சத்தம் வருமே."

"வரும்" என்றேன்.

அவர் அதற்குள் குனிந்து தன்னுடையதைக் கொடுத்துவிட்டு, நிகழ்ச்சி வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, முதலில் மீன் மார்க்கெட்டா தண்ணீர்த் தொட்டியா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார். அவர் தூக்கத்தை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். புது இலவம்பஞ்சு அடைத்த மெத்தை மாதிரி புசுபுசுவென்று, ஒரு கறை இல்லை, ஒரு சுருக்கம் இல்லை, ஒரு ஓரம்கூடத் தேயவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, இருக்கிறதைச் சொல்கிறேன்.

"குடும்பத்துக்கு ஒரே டோக்கன்தான், ஒரே பையில போட்டுறவா?" என்று கேட்டாள் சூசையம்மாள். செருப்பு ஸ்டாண்டிலும் அப்படித்தானே, புருஷன் பெண்டாட்டி செருப்பெல்லாம் ஒரே பைக்குள் திணித்துத்தானே வைப்போம். நான் தலையாட்டினேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத இங்கயே விட்டுட்டுப் போனா என்ன?" என்று கேட்டேன்.

"விடலாம். ஆனா வெறுங்கழுத்தோட ஊருக்குப் போகக்கூடாது. போன ஒருத்தி மூணாம் நாளே இங்க வந்து என் கால்ல விழுந்தா, கண்ணு ரெண்டும் காய்ஞ்சு போய்க் கிடந்துச்சு."

"வேற ஒண்ண எடுத்துக்கிட்டுப் போனா?"

"அதுக்குன்னே வருதானுவ கொஞ்சப் பேரு. பிஞ்சதப் போட்டுட்டு நல்லதத் தள்ளிக்கிட்டுப் போக. தொட்டாத் தெரிஞ்சிரும் எனக்கு. அடுத்தவன் தூக்கத்தத் திருட நீ அவ்வளவு தூரத்துல இருந்து வந்தியா?" என்றாள். வெடுக்கென்று இருந்தது. அதற்குத்தான் வந்தேன் என்பது எனக்கே அவள் கேட்ட பிறகுதான் தெரிந்தது. டோக்கனை வாங்கி அவர் சட்டைப்பையில் போட்டேன், சரி, கிடைத்தது இந்த ஒரு ராத்திரிதான், இதையாவது பார்ப்போம் என்று நடந்தேன்.

தூக்கத்தைக் கழற்றி வைத்தவர்களுக்கு அசதி இருக்காது என்று நினைக்கக்கூடாது, தூக்கத்தைத்தான் கழற்றலாம், அசதி உடம்போடு வருகிறது. அப்படி, கொட்டாவியே வராத அசதியோடு, எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான ஜனம் அந்த ஊரின் தெருக்களில் விடிகிறவரை நடந்தது. மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிகள் மேல் உட்கார்ந்து இரண்டு பேர் நாகசுரம் வாசிக்க, மீன்காரப் பெண்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே சுருதி சரியில்லை என்றார்கள். ஒரு கன்டெய்னர் லாரியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து அதற்குள் கூத்து நடந்தது, ராஜா கிரீடம் இடிக்காமலிருக்க முழு யுத்தத்தையும் குனிந்தே செய்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஒரு பெண் மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, அதுதான் கலை என்று கீழே எழுதியிருந்தது. என் பக்கத்தில் நின்ற ஒரு கிராமத்து அம்மாள், "இவளுக்குச் சம்பளமும் குடுப்பாவளா?" என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஊர்க்காரர்களின் முகங்களை வெளிச்சத்தால் பெரிதுபெரிதாகக் காட்டினார்கள், தங்கள் முகம் வந்தவர்கள் கைதட்டினார்கள், வராதவர்கள் மாநகராட்சியைத் திட்டினார்கள். அவர் ஒவ்வொன்றையும் போனில் பிடித்துக்கொண்டு, "செம்பகம், இங்க பாரு, செம்பகம், அங்க பாரு" என்று முன்னால் போக, நான் வீங்கின காலோடு பின்னால் போக, பார்த்ததெல்லாம் எனக்கு ஒன்றோடொன்று கலந்து, வெங்காயம் உரிக்கிறவள் நாகசுரம் வாசிப்பதுபோலவும் ராஜா மீன் விற்பதுபோலவும் தோன்றத் தொடங்கியது.

கடைசியில், உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தோம். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், இளவயசு, அந்தக் கிட்டங்கி முழுக்க இரும்புக் கட்டில்களைப் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, வருகிறவர்களைப் படுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். படுக்கிறதுதான் நிகழ்ச்சி. தூக்கத்தை வாசலில் விட்டுவிட்டு வந்த ஜனமெல்லாம் வரிசை வரிசையாக, செத்தவர்கள்போலக் கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிப் போட்டிருந்த இரண்டு கட்டிலில் படுத்தோம். ஒரே கூரைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் நாங்கள் படுத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்பது படுத்த பிறகுதான் உறைத்தது, அவருக்கும் உறைத்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் போனைத் தொடவில்லை.

"மதிக்கு இப்பல்லாம் வாரதே இல்ல, இல்லியா?" என்று கேட்டார்.

நான் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தேன். மாத்திரை வாங்கிவருகிறவர் அவர்தான், டாக்டரிடம் கூட்டிப்போகிறவரும் அவர்தான், ஒருநாளும் காசுக்கு முகம் சுளித்ததில்லை. கேலி செய்கிறாரா என்று பார்த்தேன், இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தமே இல்லியே. முன்னாலல்லாம் ராத்திரி கூப்பிட்டேன்னு காலையில சொல்லுவ. இப்பக் கூப்பிடுததும் இல்ல. அதான் நின்னு போச்சுன்னு நெனச்சேன்."

எத்தனை வருஷத்துப் பேச்சு எனக்குள் இருந்தது தெரியுமா? குழம்பு தாளிக்கும்போது, துணி துவைக்கும்போது, மதி உறங்குகிற மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கும்போது, இந்த ஒரு கேள்வி வந்தால் இப்படிச் சொல்லவேண்டும், அப்படிச் சொல்லவேண்டும் என்று வாய்க்குள்ளேயே எத்தனை வழக்கு நடத்தியிருப்பேன். கேள்வி வந்துவிட்டது. ஊர்ப்பட்ட ஜனம் சுற்றிலும் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருந்தது. "நிக்கல" என்று மட்டும் சொன்னேன். "ஓ" என்றார். கூரையைப் பார்த்தபடியே, "எப்பவாவதுதானே வருது" என்றார். நான் எழுந்து வெளியே போய்க் கோமுவுக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டுப் போயிருச்சுக்கா, பயப்படாத, நல்லாத் தூங்குதா" என்றாள் கோமு. அவள் குரலே வேறாக இருந்தது. "கண்ணு எரியுதுக்கா. அவ இருமுனாத் திக்குங்கு, இருமாட்டாலும் திக்குங்கு. ஒரு ராத்திரிக்கே எனக்கு இப்படி இருக்கே."

விடிவெள்ளி வந்ததும் திருவிழா முடிந்ததென்று சங்கு ஊதினார்கள். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க என்னால் முடியவில்லை, சுங்கக் கட்டடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன், அவர்தான் டோக்கனோடு வரிசையில் நின்றார். ஆழித்துறைக்காரர்களுக்கு இதெல்லாம் பழகியிருந்தது, வாங்கினதும் வாசனை பார்த்து, ஓரம் பார்த்து, இது என்னுடையதுதான் என்று உறுதி செய்துகொண்டுதான் தோளில் போட்டார்கள். ஒருவர் இது இல்லை, என் தூக்கத்தில் ஓரமாக ஒரு ரயில் சத்தம் வரும் என்று சண்டை போட்டுக்கூட மாற்றி வாங்கினார். என் வீட்டுக்காரருக்கு வீட்டில் எது யார் துண்டு என்று இன்றுவரை தெரியாது, கொடியில் கைக்கு எது வருகிறதோ அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு போவார். சூசையம்மாள் பையை அவிழ்த்து வைத்ததும், முன்னால் இருந்ததை எடுத்து அப்படியே பிடரியில் போட்டுக்கொண்டார்.

முன்னால் இருந்தது என்னுடையது.

எனக்குத் தெரிந்தது, சூசையம்மாளுக்கும் தெரிந்தது. அவள் கையைப் பாதி நீட்டினாள், நீட்டினவள் திரும்பிப் படியில் இருந்த என்னைப் பார்த்தாள். ஏங்க, அது மாறிப்போச்சு என்று மூன்று வார்த்தை, அவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. சொல்லவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நீட்டின கையால் மேஜையைத் துடைக்கத் தொடங்கினாள், ரொம்ப நேரம் துடைத்தாள். அவர் புசுபுசுவென்ற அந்த மற்றதைக் கொண்டுவந்து, "இந்தா உன்னுது" என்று என் தோளில் போட்டார். அது உள்ளே இறங்கும்போது வெதுவெதுவென்று இருந்தது.

ஆனால் பயம் அதைவிட வேகமாக இறங்கியது. ராத்திரி மதிக்கு வந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன், இவர் எழுந்திருப்பாரா? சத்தத்துக்கு விழிக்கிறது தூக்கத்தில் இருக்கிற குணமா, இல்லை பெற்றவளாக எனக்கு இருக்கிற குணமா? அது எனக்கு மட்டுமே உள்ளதென்றால், நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு என் பிள்ளையல்லவா விலை கொடுப்பாள். ரயிலில் கண்ணை மூடாமல் அவரையே கவனித்துக்கொண்டு வந்தேன். வழக்கமாக ஜன்னலில் தலை சாய்த்தால் ஊர் வந்து நான் தட்டுகிறவரை பிணம் மாதிரிக் கிடக்கிறவர், அன்று டீ விற்கிறவன் குரலுக்கு விழித்தார், எதிர் ரயிலுக்கு விழித்தார், ஒரு பெண்ணின் வளையல் குலுங்கினதற்கு விழித்தார். மூன்று வரிசை தள்ளி யாருடைய பிள்ளையோ தூக்கத்தில் லேசாகத் திணறியபோது, இவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னமோ தெரியல செம்பகம்" என்றார் வெட்கத்தோடு, "எல்லாம் பக்கத்துல கேக்குது."

அன்று ராத்திரி கோமு போய்விட்டாள். அவர் தன் அறையில் படுத்தார், புரண்டார், எழுந்து உட்கார்ந்தார், பிறகு தலையணையைத் தூக்கிக்கொண்டு யாரும் சொல்லாமல் மதியின் அறைக்குப் போய்க் கீழே பாயை விரித்தார். அந்தத் தூக்கத்துக்கு வழி தெரியும். "அப்பா, என்ன இங்க?" என்று மதி கேட்டதும், "புழுக்கமா இருக்குடா" என்றதும் என் காதில் விழுந்தன. என் இடத்தை அவர் பிடித்துக்கொண்டதால் நான் கதவைத் திறந்து வைத்துவிட்டு அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, தூங்கக்கூடாது, இன்று ஒருநாளாவது காவல் இருந்து பார்க்கவேண்டும் என்று கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். எவ்வளவு நேரம் விழித்திருந்தேன் என்பதுகூட எனக்குத் தெரியாது, அந்தத் தூக்கம் வந்து என்னை எடுத்துக்கொண்டது.

உள்ளே சத்தமே இல்லை. மின்விசிறி இல்லை, நாய் இல்லை, தெருவில் போகிற லாரி இல்லை. அடுத்த அறை என்று ஒன்றே இல்லை. யார் வந்து எவ்வளவு கத்தினாலும், பிடித்து உலுக்கினாலும், அந்த ஆழத்துக்கு ஒன்றும் வந்து சேராது. இத்தனை வருஷம் இந்த மனுஷன் இங்கேயா இருந்தார் என்று எனக்கு அங்கே, அந்தத் தூக்கத்துக்குள்ளேயே, தோன்றியது. இவர் நடிக்கவில்லை, ஒருநாளும் நடிக்கவில்லை.

விழித்தபோது வெயில் கட்டில்வரை வந்திருந்தது. மதி! ஓடினேன், வழியில் கதவில் இடித்துக்கொண்டது அப்புறம்தான் வலித்தது. அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"விடியக்காலையில வந்துச்சும்மா. அப்பா பாத்துக்கிட்டாரு. மொதல்ல தப்புப் பக்கமாத் திருப்பிட்டாரு, அப்புறம் சரி பண்ணிட்டாரு. நீ நல்லாத் தூங்குனியா?" என்றாள். இவளைப் பெற்றதிலிருந்து என்னிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன்.

அவர் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மதியின் வாய் துடைத்த ஈரத் துண்டு கையிலேயே இருந்தது, கண் சிவந்து, ஒரே ராத்திரியில் கன்னம் உள்ளே போயிருந்தது. என்னைக் கூடத்துக்கு வரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு எழுந்து வந்தார்.

"தினமுமா?" என்றார்.

"தினமும் இல்ல. வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள்."

"வராத நாள்ல?"

"வராத நாள்லயும் வருமோன்னு முழிச்சிருக்கணும்."

"அதான்" என்றார். "வந்தப்புறம் ஒண்ணும் பெருசில்ல, கை அதுபாட்டுக்கு வேல செய்யுது. வருமோ வருமோன்னு கெடந்தேன் பாரு, அதான் செம்பகம் முடியல. ஒவ்வொரு மூச்சுக்கும் தூக்கிப் போடுது. இது என் தூக்கம் இல்ல, எனக்குத் தெரியுது. உன்னுது." அழுதார். நான் அவர் அழுது பார்த்ததில்லை, எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"நீ என்னைய எழுப்பியிருக்கலாமே" என்றார்.

"எழுப்புனேன்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தன்னைத் தானே என்னவெல்லாம் திட்டிக்கொள்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. அவர் தூக்கத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் நான், அங்கே எந்தச் சத்தமும் வந்து சேராது, அவர் மேல் குற்றமில்லை என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். சொல்லத்தான் வேண்டும். ஒரு வாரம் போகட்டும், சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கிக் கொடியில் போட்டுவிட்டு, மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டேன்.